ஜார்ஜியாவில் 1860-க்குப் பின் காணாமல் போனவர்: தென் கரோலைனா பெற்றோரைக் கண்டுபிடிப்பது எப்படி?

வேர்தேடி:
ஜார்ஜியாவின் 1850 சென்சஸில் ஒரு விவசாயி, வயது 38. கணவன், மனைவி இருவரும் பிறந்தது தென் கரோலைனா. 12 வயது மகள் வரை மூன்று பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். 9 வயது மகனிலிருந்து ஜார்ஜியா. 1860-லும் அதே கவுன்டி (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி). 1870-ல் அவர் இல்லை, மனைவி மகன் வீட்டில். திருமணப் பதிவு எங்கும் இல்லை. 1840-ல் அதே பெயரில் நான்கு பேர். பெற்றோரை எப்படிப் பிடிப்பது?

பழைய_பத்திரம்:
திருமணப் பதிவைத் தேடுவதை நிறுத்துங்க. தென் கரோலைனாவில் 1911 வரை திருமண லைசென்ஸ் கட்டாயமே இல்லை. ஜார்ஜியா நில லாட்டரிப் (அரசு குலுக்கல் போட்டு நிலம் கொடுத்தது) பட்டியலும் வேண்டாம். கடைசி லாட்டரி 1833-ல் முடிந்தது. இவர்கள் வந்தது 1838-க்கும் 1841-க்கும் நடுவில். அதில் இந்தப் பெயர் இருந்தால் அநேகமா வேறு ஆள்.

1850-க்கு முந்தைய சென்சஸில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. 1850 வயதுகளில் பத்தைக் கழித்து, நான்கு வீடுகளோடும் ஒப்பிடுங்க. கூடுதலா ஆள் இருந்தால் பரவாயில்லை (இறந்த குழந்தை, தம்பி, கூலியாள்). இருக்க வேண்டியவர் இல்லையென்றால்தான் சந்தேகம்.

அடுத்தது அக்கம்பக்கம். 1850-ல் அவருக்கு முன்னும் பின்னும் பதினைந்து வீடு பாருங்க. அதே ஆண்டுகளில் தென் கரோலைனாவிலிருந்து வந்தவர்களைக் குறித்து, 1830-ல் அவர்கள் எந்த டிஸ்ட்ரிக்ட்டில் இருந்தார்கள் என்று தேடுங்க. அந்தக் காலத்தில் தனியா யாரும் கிளம்பி வரமாட்டார்கள். (தென் கரோலைனாவில் 1800 முதல் 1868 வரை கவுன்டி இல்லை, டிஸ்ட்ரிக்ட்தான். அட்டவணையில் 'கவுன்டி' என்று தேடித்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.)

டிஸ்ட்ரிக்ட் தெரிந்ததும் 1836 முதல் 1842 வரை நில விற்பனைப் பத்திரங்கள். கணவர் நிலம் விற்கும்போது, மனைவி தன் டவர் (dower) உரிமையை, அதாவது கணவர் நிலத்தில் விதவைக்கு உள்ள பங்கை, விட்டுக்கொடுப்பதாக அதிகாரி முன் தனியாகச் சொன்ன குறிப்பு பத்திரத்தின் கீழே இருக்கும். அதில் வரும் மனைவி பெயர் பொருந்தினால் இவர்தான். பிறகு அதே டிஸ்ட்ரிக்ட்டின் ஈக்விட்டி நீதிமன்றக் (பாகப்பிரிவினை போன்ற சொத்து வழக்குகள் நடந்த இடம்) கோப்புகள். பாகப்பிரிவினை வழக்கில் வெளிமாநிலம் போன வாரிசுகளையும் பெயர் சொல்லித்தான் சேர்ப்பார்கள். உயிலை மட்டும் நம்பாதீங்க. முன்பே பங்கு வாங்கிக்கொண்ட பிள்ளை உயிலில் வராமலே போகலாம்.

கவுன்டி_கணக்கு:
முதலில் ஒரு திருத்தம்: 1870 சென்சஸில் உறவுமுறை கேட்கவே இல்லை, 1880-ல்தான் வந்தது. 'மகன் வீடு' என்பது இப்போதைக்கு ஊகம்.

இடையில் இரண்டு பட்டியல்கள். ஜார்ஜியா 1864-ல் மிலிஷியாவுக்காக (மாநிலத்தின் குடிமக்கள் படை), ராணுவத்தில் இல்லாத 16 முதல் 60 வயது வெள்ளையின ஆண்களைக் கணக்கெடுத்தது. வயது, தொழில், பிறந்த இடம் எல்லாம் உண்டு. 52 வயதான இவர் உயிரோடிருந்தால் அதில் வர வேண்டும். ஆனால் சில கவுன்டிகளின் ஏடுகள் இல்லை. இன்னொன்று 1867 வாக்காளர் பதிவு. வருடாந்தர வரி ஏட்டையும் பாருங்க: இவர் பெயர் நின்று 'எஸ்டேட்' (இறந்தவர் சொத்து) என்று வரும் ஆண்டே இறப்பைக் காட்டிவிடும். பிறகு உயில், வாரிசு விவகாரங்களைப் பார்த்த கவுன்டி ஆர்டினரி நீதிமன்றத்தில் சொத்துக் கணக்கும் ஏலப் பட்டியலும். ஏலத்தில் பொருள் எடுத்தவர்களில் மருமகன்கள் இருப்பது சகஜம்.

பிள்ளைகளில் யாராவது 1919-க்குப் பின் ஜார்ஜியாவில் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கலாம். தகவல் கொடுத்தது பேரன் என்றால் பாதி நம்பிக்கை போதும்.

வேர்தேடி:
நன்றி. 1860 சென்சஸின் அடிமை அட்டவணையில் (உரிமையாளர் வாரியாக அடிமைகளின் பட்டியல்) இவர் பெயருக்குக் கீழே ஐந்து பேர். 1870-ல் பக்கத்து வீட்டில் அதே குடும்பப் பெயரோடு ஒரு கறுப்பினக் குடும்பம். அந்த ஐவர்தானா இவர்கள்?

பழைய_பத்திரம்:
அந்த அட்டவணையில் வயது, பால், நிறம் மட்டும்தான், பெயர் கிடையாது. வயது ஒத்துப்போவது சான்று ஆகாது. குடும்பப் பெயர் முந்தைய உரிமையாளருடையதாகவும் இருக்கலாம். உங்கள் விவசாயி உள்நாட்டுப் போர் முடிவதற்குள் இறந்திருந்தால் சொத்துக் கணக்கில் அந்த ஐவரின் பெயரும் மதிப்பும் இருக்கும். அந்தக் கறுப்பினக் குடும்பத்தின் பக்கமிருந்து ஃப்ரீட்மென்ஸ் பியூரோவின் (விடுதலையானவர்களுக்கான அரசு அலுவலகம்) கூலி ஒப்பந்தங்களையும், அவர்களுக்கான சேமிப்பு வங்கியான ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்கின் (1865–1874) அகஸ்டா, அட்லாண்டா, சவானா கிளை ஏடுகளையும் பாருங்க. கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தார் பெயரும், சிலவற்றில் பழைய உரிமையாளர் பெயரும் இருக்கும்.

தென் கரோலைனாவில் மாமனார் மகளுக்கு அடிமைகளை எழுதிக்கொடுத்த தானப் பத்திரம் உண்டா என்றும் தேடுங்க. ஒன்று அகப்பட்டால் மனைவியின் தந்தை பெயரும், அந்தக் கறுப்பினக் குடும்பத்தின் முன்னோர் பெயரும் ஒரே தாளில் கிடைக்கும்.