கூகுள் டாக்ஸில் பிள்ளைகள் எழுதியது காணாமல் போகிறது, உதவி தேவை

பாம்பன் டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் கடலுக்குப் போகிற வீட்டிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் கேட்டு வந்து ஒரே அட்டவணையில் சேர்க்கச் சொன்னேன்: மீன் பெயர், வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா), எந்த மாதம், என்ன வலை. லிங்க் உள்ள யாரும் திருத்தலாம் என்று வைத்து லேபில் உட்கார வைத்தேன். ஒருத்தி 'காரல்' அடித்த கட்டத்திலேயே இன்னொருவன் நெத்திலியை அடிக்க, 'காநெத்திலிரல்' என்று ஒரு புது மீன் பிறந்தது. அதுவாவது பரவாயில்லை, திடீரென்று பாதி அட்டவணை காலி! யார் என்று பார்த்தால் 'பெயரிலி கேப்பிபாரா'. யாரும் வாய் திறக்கவில்லை. போனதை எடுக்க முடியுமா? நெட் என் போன் ஹாட்ஸ்பாட்தான்.

தொண்டி கம்ப்யூட்டர் சார்:
எடுக்கலாம் டீச்சர். கன்ட்ரோல் இசட் உதவாது, அது நாம் செய்ததை மட்டுமே திருப்பும். கம்ப்யூட்டரில் ஃபைல் மெனுவுக்குள் வெர்ஷன் ஹிஸ்டரி திறந்து, அழிவதற்கு முந்தைய நேரத்தைப் பிடியுங்கள். உடனே ரீஸ்டோர் கொடுத்தால் அதன்பின் ஒழுங்காக அடித்தவர்கள் எழுதியதும் அட்டவணையிலிருந்து போய்விடும். அந்தப் பதிப்பை நகல் எடுத்து, அதிலிருந்து விடுபட்ட வரிகளை மட்டும் இப்போதைய அட்டவணையில் ஒட்டுங்கள். கேப்பிபாரா யார் என்று தேடாதீர்கள். லாகின் இல்லாமல் வந்தால் பெயர் பதிவாகாது, கூகுளே ஏதாவது ஒரு விலங்கின் பெயரைக் காட்டும்.

பாம்பன் டீச்சர்:
வந்துவிட்டது சார், நன்றி! ஆனால் சிலர் எழுதியது பழைய பதிப்பு எதிலுமே இல்லையே?

கீழக்கரை அக்கா:
அதை யாரும் அழிக்கவில்லை, டீச்சர். போய்ச் சேரவே இல்லை. நெட் அறுந்த நேரத்தில் அடித்தது அவர்கள் திரையில் மட்டும் இருந்திருக்கும், டேபை மூடியதும் போச்சு. ஒரே டாக்குமெண்டில் 100 பேர் திருத்தலாம் என்று கூகுள் சொன்னாலும் போன் ஹாட்ஸ்பாட் அத்தனை கம்ப்யூட்டரைத் தாங்காது.

என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு டாக்ஸே வேண்டாம். கூகுள் ஃபார்ம் போடுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தொட முடியாது, எல்லாம் கூகுள் ஷீட்டில் வரிசையாக வந்து விழும். கடலையும் மாதத்தையும் தேர்வுப் பட்டியலாக வையுங்கள், இல்லையென்றால் 'தென்கடல்' நாலு விதமாக வரும். டாக்ஸை அடுத்த வகுப்புக்கு, குழுவுக்கு ஒன்றாக, பேசி எழுதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பேச விஷயமும் அந்த ஷீட்டிலேயே இருக்கும். வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும்போது எந்தக் கடல் மீன் வீட்டுக்கு வருகிறது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, அப்போது வலைப் பத்தியில் என்ன மாறுகிறது? மாதவாரியாக வடிகட்டிப் பார்த்தால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பாம்பன் டீச்சர்:
இது சரி அக்கா. ஃபார்மிலேயே மீன் போட்டோவும் வாங்கலாமா?

தொண்டி கம்ப்யூட்டர் சார்:
ஃபைல் அப்லோடு கேள்வி வைத்தால் ஒவ்வொருவரும் கூகுள் கணக்கில் லாகின் செய்தாக வேண்டும். வீட்டுப் போனிலிருந்து மீன் பெயரோடு உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், ஷீட்டில் நீங்களே சேர்த்துவிடலாம். அப்புறம், பழைய டாக்குமெண்டின் லிங்கை மறக்காமல் 'பார்க்க மட்டும்' என்று மாற்றிவிடுங்கள். கேப்பிபாராவிடம் இன்னும் அது இருக்கிறது.