சண்டே ஸ்கூல் கிறிஸ்மஸ் இந்த வருஷம் சிம்பிளா பண்ணலாமா?

மஞ்சக்குப்பம் டீச்சர்:
ஸ்தோத்திரம். கடலூர்ல சண்டே ஸ்கூல் எடுக்கறேன், 40 பிள்ளைங்க. போன வருஷம் டான்ஸ், டிராமா, வாடகை டிரெஸ்னு அட்வெண்ட் (கிறிஸ்மஸுக்கு முன்னாடி வர்ற நாலு வாரம்) முழுக்க பிராக்டிஸ்லயே போயிடுச்சு, ஒரு சின்னப் பொண்ணு தேவதூதன் றெக்கை வாங்க வீட்ல காசு இல்லன்னு ரெண்டு வாரம் வரவே இல்ல, அது எனக்குத் தெரிஞ்சதே ஜனவரிலதான், இன்னும் மனசு கேக்கல. நீங்கல்லாம் எப்படி பண்றீங்க?

பாண்டி சிஸ்டர்:
அக்கா, நாங்க டிராமாவ விட்டுட்டோம். பிள்ளைங்களே களிமண்ல ஆடு, மாடு பிடிச்சு வைக்கோல் போட்டு குடில் கட்டுதுங்க, குடிலச் சுத்தி கேழ்வரகு விதைச்சா ஒரு வாரத்துல பச்சையா முளைச்சு வந்துடும், அத பாக்கவே சீக்கிரம் வந்துடுதுங்க. 1223ல புனித பிரான்சிஸ் இத்தாலில கிரேச்சோங்கற ஊர்ல குடில் வெச்சப்பவும் வைக்கோல், மாடு, கழுதை அவ்ளோதான். லூக்கா 2ம் அதிகாரத்த வாரம் கொஞ்சமா வாசிங்க, மேய்ப்பர்கள் பகுதிதான் பிள்ளைங்களுக்கு ரொம்ப பிடிக்கும்.

தேவனாம்பட்டினம்:
நம்ம ஊருக்கு 2004 டிசம்பர் 26 மறக்காது, கிறிஸ்மஸுக்கு மறுநாளே சுனாமி. அதனால 26ந்தேதி பிள்ளைங்கள கூட்டிட்டு குப்பத்துல தனியா இருக்கற பாட்டிங்க வீட்டுக்குப் போவோம், ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டு வருவாங்க, ஒரு பாட்டு, ஒரு ஜெபம். கிஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மட்டும் வேணாம் டீச்சர், அதுலதான் இல்லாதவங்க பிள்ளைங்க ஒதுங்கி நிக்கும்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:
ரொம்ப நன்றி சிஸ்டர், நன்றி பிரதர். கேழ்வரகு விதைக்கிற வேலைய அந்தப் பொண்ணு கையிலயே குடுக்கப் போறேன்.