மலேரியா மாதிரியில் கொசுவின் இறப்பு வீதத்தை இருமடங்காக்கியும் தொற்று அடங்கவில்லை: காரணம் என்ன?

கேள்வி

வணக்கம். மனிதருக்கும் கொசுவுக்கும் இடையே தொற்று மாறிமாறிக் கடப்பதைச் சமன்பாடுகளாக எழுதும் ராஸ்–மெக்டொனால்ட் வகை மலேரியா கணித மாதிரி ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். மனிதர்களில் நலமானவர், தொற்றுற்றவர் என இரு பிரிவுகளும், கொசுக்களில் தொற்றில்லாதவை, ஒட்டுண்ணி உடலுக்குள் முதிர்ந்துகொண்டிருப்பவை, தொற்றைக் கடத்தக்கூடியவை என மூன்று பிரிவுகளும் உள்ளன. ஒரு மனிதருக்கு 4 கொசுக்கள். ஒரு கொசு மனிதரைக் கடிக்கும் வீதம் நாளுக்கு 0.2, ஒரு கடியில் தொற்று கடக்கும் நிகழ்தகவு இரு திசையிலும் 0.5, மனிதர் குணமாகும் வீதம் 0.05, கொசுவின் இறப்பு வீதமும் ஒட்டுண்ணி முதிரும் வீதமும் தலா 0.1. கொசுக்களின் மொத்த எண்ணிக்கை மாறாதிருக்கப் பிறப்பை இறப்புக்குச் சமமாக வைத்துள்ளேன்.

இரண்டு சிக்கல்கள். அடிப்படை இனப்பெருக்க எண் (ஒரு தொற்றாளரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குப் புதிதாகத் தொற்றும் என்பது; 1க்குக் கீழே போனால் தொற்று மறையும்) சூத்திரப்படி 4 என வருகிறது. அதே எண்ணைக் கணிக்க உதவும் அடுத்த தலைமுறை அணியின் (ஒவ்வொரு வகைத் தொற்றும் அடுத்த தலைமுறையில் எத்தனை தொற்றுகளை உண்டாக்கும் என்ற அட்டவணை) பெரிய ஐகன் மதிப்போ, அதாவது தலைமுறைக்குத் தலைமுறை தொற்று பெருகும் மடங்கோ, 2 என்கிறது. அடுத்து, மருந்து தெளிப்பதைக் காட்ட இறப்பு வீதத்தை 0.2 ஆக்கினேன். முதிர்ந்த கொசுவைக் கொல்வதே மிக வலிமையான வழி என்று படித்திருக்கிறேன். ஆனால் என் மாதிரியில் தொற்று குறைந்தாலும் மறையாமல், ஓர் அளவில் நிலைத்துவிடுகிறது.

பதில் 1

முதற்சிக்கலில் பிழை ஏதுமில்லை. மனிதரிடமிருந்து கொசுவுக்குச் செல்வதை ஒரு தலைமுறையாகவும், கொசுவிடமிருந்து மனிதருக்கு வருவதை இன்னொன்றாகவும் அந்த அணி எண்ணுகிறது. சூத்திரமோ மனிதரிடமிருந்து மனிதருக்கான முழுச் சுற்றையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒன்று மற்றதன் வர்க்கமூலம். இரண்டும் 1ஐக் கடப்பது ஒரே இடத்தில்தான். ஆனால் கட்டுப்பாட்டு இலக்கைக் கணிக்கையில் எச்சரிக்கை தேவை: 2 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, கொசுக்களைப் பாதியாக்கினால் போதும் என்று முடிவு செய்தால் தொற்று நீடிக்கும். உங்கள் மதிப்புகளுக்குக் கொசுக்கள் கால் பங்குக்கும் கீழே குறைய வேண்டும். ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பதில் 2

இரண்டாவது சிக்கலின் வேர், முதிர்வுக் காலத்தை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் இருக்கிறது. ஒரே பிரிவும் ஒரே வீதமும் வைத்தால் முதிர்வுக் காலத்தின் சராசரி 10 நாள் என்பது சரியே. ஆனால் தொற்றிய மறுநாளே கடத்தத் தொடங்கும் கொசுக்களும் கணிசமாக இருக்கும், உண்மையில் அப்படி நடப்பதில்லை. உங்கள் மாதிரியில் முதிர்வைத் தாண்டிப் பிழைக்கும் பங்கு 0.1/(0.1+0.1), அதாவது பாதி. எல்லாக் கொசுக்களும் சரியாக 10 நாள் காத்திருக்க வேண்டுமென்றால் அது 0.37 ஆகும். இறப்பு வீதம் 0.2 ஆனதும் உங்கள் பங்கு 0.33க்குத்தான் இறங்குகிறது, நிலையான காத்திருப்பிலோ 0.14க்கு விழுகிறது. கொசுவைக் கொல்வதற்கு உண்டென 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் சுட்டிய வலிமை, நிலையான காத்திருப்பில் பிழைக்கும் பங்கைத் தரும் அடுக்குக்குறி உறுப்பிலிருந்தே (e^(−இறப்பு வீதம் × நாட்கள்)) வருகிறது; அதைத்தான் நீங்கள் மழுங்கடித்துவிட்டீர்கள். உங்கள் இனப்பெருக்க எண் 4இலிருந்து 1.33க்கு இறங்கி 1க்கு மேலேயே நின்றதற்குக் காரணம் இதுவே.

நிலையான காத்திருப்பை நேரடியாகக் காட்டும் தாமதச் சமன்பாடு எழுதத் தயக்கமிருந்தால், முதிர்வுப் பிரிவை 10 உட்பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் கடக்கும் வீதத்தை 1 என வையுங்கள். பிழைக்கும் பங்கு 0.39 ஆகும், நிலையான காத்திருப்புக்கு அது போதிய அளவு நெருக்கம்.

பதில் 3

மேலே சொன்னதோடு ஒன்று. பிறப்பை இறப்புக்குச் சமமாக வைத்திருப்பதால், மருந்து தெளித்துக் கொல்லும் ஒவ்வொரு கொசுவுக்கும் பதிலாக இன்னொன்றை நிரலே உடனடியாகப் பிறப்பிக்கிறது. நாள்தோறும் வெளிவரும் இளங்கொசுக்களின் எண்ணிக்கையை மாறிலியாக்கினால், இறப்பு வீதம் இருமடங்காகும்போது மொத்தக் கொசுக்கள் 4இலிருந்து 2 ஆகும். ஆனால் அதுவும் முழு உண்மை அன்று. கொசுக்கள் குறைந்தால் முட்டைகள் குறையும். முட்டைகள் குறைந்தால் நீர்நிலையில் கொசுப்புழுக்களுக்கிடையிலான உணவுப் போட்டியும் குறைந்து, எஞ்சியவற்றில் அதிகப் பங்கு பிழைத்து வெளிவரும். எந்த அளவுக்கு ஈடு செய்கிறது என்பது இனத்தையும் நீர்நிலையையும் பொறுத்தது.

கேட்டவர்

மிக்க நன்றி. 10 உட்பிரிவுகளோடு ஓட்டியதில், தெளிப்புக்கு முந்தைய இனப்பெருக்க எண் 3.08 ஆகிறது. இறப்பு வீதம் 0.2 எனில், கொசுத்தொகை 4ஆகவே இருந்தால் 0.65, 2 ஆனால் 0.32, இரண்டிலும் தொற்று மறைகிறது. ஆனால் தெளிப்பு அரைகுறையாக நடந்து வீதம் 0.15 மட்டுமே ஆனால், மாறாத தொகைக்கு 1.32, மாறாத வெளிவரவுக்கு 0.88. புழுக்களைப் பற்றிய என் அனுமானமே விடையைத் தீர்மானிக்கிறது. எதை எழுதுவது?

பதில் 3

இரண்டையும் எழுதுங்கள். நீங்கள் ஆராயும் நீர்நிலைகளில் புழுவடர்த்தியையும் வெளிவரும் கொசுக்களையும் அளந்த தரவு கிடைத்தால், புழுப் பருவத்தை அடர்த்தி சார்ந்த இறப்போடு தனிப் பிரிவாகச் சேர்க்கலாம். அதுவரை 0.15ஐ ஒட்டிய தெளிப்புக்குப் பலன் உறுதி என்று உங்கள் மாதிரியைக் காட்டி யாரும் சொல்லிவிட வேண்டாம்.