ஜோசப்சன் சந்தி வரிசை சிமுலேஷன்: பிணைப்பை எவ்வளவு ஏத்தினாலும் ஆர் 0.38-லயே நிக்குது, ஏன்?

வண்ணை_பிஎஸ்சி:
வணக்கம். ராயபுரத்துல அடுத்த மாசம் அறிவியல் கண்காட்சி, அதுக்கு ஜோசப்சன் சந்திகள் (ரெண்டு மீக்கடத்திக்கு நடுவுல மெல்லிய தடுப்பு வச்சது) ஒத்திசையுறதை லேப்டாப்ல ஓட்டிக் காட்டணும். 100 ஓவர்டேம்ப்டு (அலைவு சீக்கிரம் அடங்குற) சந்தி தொடர் இணைப்புல, பயாஸ் கரண்ட் (வெளியிலருந்து விடுற நிலையான கரண்ட்) 1.5. கிரிட்டிக்கல் கரண்ட் (வோல்ட்டேஜ் வராம சந்தி தாங்குற அதிகபட்ச கரண்ட்) சராசரி 1, ரெண்டு பக்கமும் 5% சீரான பரவல். லோடு ஒரு ரெசிஸ்டர், டிசி போகாம இருக்க அதோட ஒரு கெப்பாசிட்டர். பைத்தான், ஆர்கே4 (சமன்பாட்டைப் படிப்படியா தீர்க்குற முறை), ஸ்டெப் 0.02. குராமோட்டோ மாடல் (பல ஆசிலேட்டர் பிணைஞ்சு ஒத்திசையுறதைச் சொல்ற கணித மாதிரி) மாதிரி பிணைப்பு ஒரு கட்டத்துக்கு மேல போனா ஆர் (ஒத்திசைவு அளவு: 0-ன்னா சிதறல், 1-ன்னா முழு ஒத்திசைவு) ஏறணும். ஆனா லோடை எப்படி மாத்தினாலும் 0.38. பிழை எங்க இருக்கு?

எண்ணூர்_ஆர்எஃப்:
அந்த 0.38-தான் துப்பு. 1.5-ஓட வர்க்கத்துல 1 கழிச்சு ரூட் எடுத்தா 1.118. அதை 1.5-லருந்து கழிச்சா 0.382. நீங்க ஆரை ஃபையிலருந்து (சந்தியோட கட்டக் கோணம்) நேரா கணக்குப் போடுறீங்க.

ஃபை ஒரே வேகத்துல சுத்தாது. பை/2 கிட்ட வரும்போது வேகம் 1.5 − 1 = 0.5. எதிர்ப்பக்கம் 2.5. அதனால ஒவ்வொரு சந்தியும் தன் போக்குல சுத்தினாலும், எந்த நொடியில பார்த்தாலும் பாதிக்கு மேல பை/2 பக்கம்தான் தேங்கி நிக்கும். பேசின் பிரிட்ஜ்ல வண்டிங்க வரிசையா நிக்குதுன்னா எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பினதுன்னு அர்த்தம் இல்லையே!

சீரா ஓடுற கோணத்துக்கு மாத்துங்க:
தீட்டா = 2 × ஆர்க்டேன்[(ஐ × டேன்(ஃபை/2) − 1) ÷ ரூட்(ஐ² − 1)]
ஐ-ங்கிறது பயாஸ் ÷ அந்தச் சந்தியோட கிரிட்டிக்கல் கரண்ட். எல்லாத்துக்கும் 1.5-னு போட்டுடாதீங்க. மாத்தின பிறகு ஆர் 0.1 அல்லது அதுக்கும் கீழ வரும். 100 சந்தி தாறுமாறா இருந்தா 1/ரூட்(100) அளவு இரைச்சல் இருக்கத்தான் செய்யும். உங்க வரிசை ஒத்திசையவே இல்லைங்கிறது அப்பதான் தெரியும்.

பெரம்பூர்_லேப்:
அண்ணன் சொன்னது அளக்குற பிழை. லோடுலயும் ஒரு பிழை இருக்கு, அதுதான் பெருசு. வீசன்ஃபெல்ட், கோலெட், ஸ்ட்ரோகாட்ஸ் மூணு பேரும் 1996-ல இந்த வரிசையை குராமோட்டோ சமன்பாடா மாத்திக் காட்டினாங்க. அதுல வர நிபந்தனை (எல் லோடோட இண்டக்டன்ஸ், சி கெப்பாசிட்டன்ஸ், ஒமேகா சந்தி ஓடுற அதிர்வெண்): எல் × ஒமேகா² > 1/சி. அதாவது சந்தி ஓடுற அதிர்வெண்ல லோடு இண்டக்டிவா இருக்கணும். உங்க லோடுல எல்-ஏ கிடையாது. கெப்பாசிட்டிவ் லோடு சந்திகளை ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடும், பிணைப்பை ஏத்த ஏத்த இன்னும் பிரியும். சரியா ரெசோனன்ஸ்ல (ரெண்டு பக்கமும் சமமா) வச்சா சேரவும் சேராது, பிரியவும் பிரியாது.

ரெசிஸ்டரை எடுத்துட்டு எல் = 0.75, சி = 4 போடுங்க (ஒரு சந்திக்கான அளவு, கரண்ட்டும் ரெசிஸ்டன்ஸும் 1-னு எடுத்த அலகுல):
0.75 × மின்னூட்டத்தோட இரண்டாம் வகைக்கெழு + மின்னூட்டம் ÷ 4 = ஃபை வேகங்களோட சராசரி
வலது பக்கம் கூட்டுத்தொகை இல்லை, சராசரி. கூட்டுத்தொகை போட்டா எண்ணிக்கையை 200 ஆக்கின உடனே வேற சர்க்யூட் ஆயிடும்.

ஒமேகா² = 1.25, அதனால 0.9375 > 0.25. பிணைப்பு சுமார் 0.33, அதுல இழுக்குற பங்கு 0.17. 5% பரவல்ல அதிர்வெண் ரெண்டு பக்கமும் 0.045 சிதறும். சீரான பரவலுக்கு வாசல் (பூட்டத் தேவையான குறைஞ்சபட்ச பிணைப்பு) அதோட 4/பை மடங்கு, 0.057. தாராளமா பூட்டும். 20% பரவல்ல வாசல் 0.23 கிட்ட போயிடும், பூட்டாது. கண்காட்சியில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிக் காட்டுங்க, வந்தவங்களுக்கு உடனே புரியும்.

ஒரு எச்சரிக்கை. மின்னூட்டத்தை 0-லருந்து ஆரம்பிக்காதீங்க, 4.47-லருந்து ஆரம்பிங்க (4 × 1.118). காலி கெப்பாசிட்டர் முதல்ல கரண்ட்டை உறிஞ்சும். சந்திக்குப் போற கரண்ட் 1-க்குக் கீழ இறங்கினா எல்லா சந்தியும் பை/2 கிட்ட கொத்தா மாட்டிக்கிட்டு, பிறகு சேர்ந்தே கிளம்பும். அது போலி ஒத்திசைவு. நேரம் 1000 வரைக்கும் ஓட்டி, கடைசி 200-ஐ மட்டும் சராசரி எடுங்க.

வண்ணை_பிஎஸ்சி:
ரொம்ப நன்றி அண்ணா. தீட்டாவுக்கு மாத்தினதும் 0.1-க்குக் கீழ வந்துடுச்சு. லோடை இன்னைக்கு ராத்திரி மாத்துறேன். போஸ்டர்ல "வோல்ட்டேஜ் ஸ்டாண்டர்டு இதே முறையில வேலை செய்யுது"ன்னு போடலாமா?

எண்ணூர்_ஆர்எஃப்:
போடாதீங்க. வோல்ட்டேஜ் ஸ்டாண்டர்டுல (வோல்ட்டைத் துல்லியமா நிர்ணயிக்கிற கருவி) சந்திகள் ஒண்ணை ஒண்ணு பூட்டிக்கிறதில்லை, வெளியிலருந்து விடுற மைக்ரோவேவுக்கு ஒவ்வொண்ணும் பூட்டிக்குது. 18 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு சந்திக்கு 37.2 மைக்ரோவோல்ட்தான். 10 வோல்ட் வேணும்னா ஏறக்குறைய 2.7 லட்சம் சந்தி.

நீங்க காட்டுறது ஆசிலேட்டர். சந்திகள் தாங்களா சேர்ந்து மைக்ரோவேவ் வெளியிடும், முழுசா சேர்ந்தா பவர் எண்ணிக்கையோட வர்க்கமா ஏறும். போஸ்டருக்கு நிஜ எண் வேணும்னா: கிரிட்டிக்கல் கரண்ட் 0.5 மில்லிஆம்பியர், ரெசிஸ்டன்ஸ் 0.5 ஓம்னு எடுங்க. உங்க பயாஸ்ல ஒரு சந்திக்கு 0.28 மில்லிவோல்ட், அதிர்வெண் 135 கிகாஹெர்ட்ஸ். சிமுலேஷன்ல ஒரு நேர அலகு 1.3 பிகோசெகண்ட். நீங்க ஓட்டப்போற 1000 அலகும் சேர்ந்து 1.3 நானோசெகண்ட்தான், அதையும் ஒரு வரியில எழுதிடுங்க.