ஆர்ட்டிகிள்ஷிப் (சிஏ படிப்பில் ஆடிட்டர் ஆபீசில் செய்யும் பயிற்சி): நாகர்கோவிலிலேயே சேரலாமா, சென்னைக்குப் போகணுமா?

தக்கலை_பிகாம்: சிஏ (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) படிப்பில் இன்டர் என்ற நடுக்கட்டப் பரீட்சை இரண்டு குரூப்பும் முடிஞ்சாச்சு. பிற்காலத்தில் பெரிய ஃபர்மில் மேனேஜர் வரை போகணும். எங்கே சேர்ந்தால் நல்லது?

டெபிட்_தம்பி: 2023 ஜூலைக்குப் பிறகு பயிற்சி 2 வருஷம்தான், அதனால் முதல் இடம் முக்கியம். நாகர்கோவில், மார்த்தாண்டம் ஆபீஸ்களில் ஜிஎஸ்டி ரிட்டர்ன், டேக்ஸ் ஆடிட், நோட்டீசுக்குப் பதில் எல்லாம் ஒரே ஆள் கைக்கு வரும். முந்திரி ஆலை, ரப்பர் வியாபாரி கணக்கில் ஸ்டாக் எண்ணிப் பார்த்தவனுக்கு வவுச்சர் பயம் இருக்காது. ஆனா லிஸ்டட் கம்பெனி (பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனி) ஆடிட், இண்ட்-ஏஎஸ் (பெரிய கம்பெனிகளுக்கான கணக்கியல் விதிகள்) அங்கே அபூர்வம். பெரிய ஃபர்மில் அசோசியேட், சீனியர், அசிஸ்டென்ட் மேனேஜர், மேனேஜர் என்று ஏணி. நேர்முகத்தில் கேட்பதும் அந்த லிஸ்டட் கம்பெனி, இண்ட்-ஏஎஸ் அனுபவம்தான். உன் குறி பெரிய ஃபர்ம் என்றால் சென்னையோ கொச்சியோ போ தம்பி. சொந்த ஆபீஸ் கனவென்றால் ஊரே போதும்.

தக்கலை_பிகாம்: ஃபைனல் பாஸாகாட்டா அண்ணே?

டெபிட்_தம்பி: வேலை கிடைக்கும், ஆனா ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது, பார்ட்னரும் ஆக முடியாது. சம்பளம் அங்கேயே முட்டி நிற்கும்.

குமரி_ஆடிட்: எங்கே சேர்ந்தாலும் பயிற்சிப் பதிவுக்கான ஃபார்ம் 103-ஐ சேர்ந்த 30 நாளுக்குள் பதிவு பண்ண வை. "அப்புறம் பாக்கலாம்" என்று பிரின்சிபல் (பயிற்சி தரும் சிஏ) இழுத்தால் பயிற்சிக் கணக்கே சிக்கலாகும். பயிற்சி முடிந்து 6 மாசம் கழிச்சுத்தான் ஃபைனல். செப்டம்பர் டேக்ஸ் ஆடிட் நெரிசலில் படிக்க நேரமே கிடைக்காது, கேட்டியா, அதையும் கணக்குப் போட்டுக்கோ.