ஊர் சுற்றியபடியே ஆங்கிலச் சொற்களைக் கற்க முடியுமா? லீட்ஸ் போகிறேன், வழி சொல்லுங்கள்

பொன்மலை ஃபிட்டர்:

வணக்கம். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கும் மகளோடு வரும் கோடையில் சில மாதங்கள் தங்கப் போகிறேன். ஆங்கில நாளிதழைத் தடங்கலில்லாமல் படிப்பேன். ஆனால் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேச வேண்டுமென்றால் சொல் வாய்க்கு வருவதில்லை. பேரனுக்கு நாம் பேசும் தமிழ் புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில் சொல்கிறான். ஆயுள் முழுக்க நான் பார்த்த வேலையைப் பற்றி அவனிடம் அவன் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

சொற்பட்டியல் புத்தகங்கள் படித்தேன், மனத்தில் தங்கவில்லை. அங்கே எங்கே போகலாம், போன இடத்தில் என்ன செய்தால் சொற்கள் படியும்? இருந்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஊஸ் நதிக்கரை:

ஐயா, லீட்ஸிலிருந்து யார்க் நகருக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. யார்க் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவு இலவசம். வேறெங்கும் போகாவிட்டாலும் நீங்கள் அங்கே போக வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

நான் தமிழ் வழியில் இயற்பியல் கற்பித்தவள். மகன் யார்க்கில் இருப்பதால் அங்கே போய்த் தங்குவது வழக்கம். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: உங்களுக்குப் பெயர்ச்சொற்களுக்குப் பஞ்சமே கிடையாது. பாய்லர், பிஸ்டன், வால்வு, பஃபர், கப்ளிங், ஸ்லீப்பர் எல்லாம் பணிமனையில் காலை முதல் மாலை வரை காதில் விழுந்தவை. ஆனால் 'பிஸ்டனைக் கழற்று', 'வால்வைத் துடை' என்று வினையை எப்போதும் தமிழில்தானே சொல்லியிருப்பீர்கள்? ஆங்கில வினைச்சொல்லுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. வாக்கியம் பாதியில் நிற்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஆகவே வினைச்சொற்களைத் தேடிப் போங்கள்.

அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் 'எல்லர்மேன் லைன்ஸ்' என்ற இன்ஜின் நிற்கிறது. 1949இல் கட்டியது. அதன் பக்கவாட்டை வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். நிலக்கரி எரியும் தீயறை, கொதிகலன் குழாய்கள், சிலிண்டர் என்று வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரியும். அதன் முன்னால் நின்று நீராவியின் பாதையை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். நிலக்கரி எரிகிறது: பர்ன். நீர் கொதிக்கிறது: பாயில். நீராவி மேலே எழுகிறது: ரைஸ். சிலிண்டருக்குள் விரிகிறது: எக்ஸ்பாண்ட். பிஸ்டனைத் தள்ளுகிறது: புஷ். பிறகு புகைபோக்கி வழியாகத் தப்பிப் போகிறது: எஸ்கேப். போகிற வேகத்தில் தீக்குப் புதுக்காற்றை இழுத்துக் கொடுக்கிறது: ட்ரா. வண்டி வேகமெடுக்க எடுக்கத் தீயும் வலுப்பது இந்த இழுப்பினால்தான் என்று எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தபடி சொன்னபோது அந்தச் சொற்கள் எனக்கு உடனே சொந்தமாகிவிட்டன. இன்ஜினோடு வாழ்ந்த உங்களுக்கு எவ்வளவு எளிதாக வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

பேரனையும் அழைத்துப் போங்கள். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகம் தொட்டு, நீராவி இன்ஜின்களில் உலகச் சாதனை படைத்த 'மல்லார்ட்' அங்கேதான் இருக்கிறது. 1935இல் இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்டரி சீனாவுக்காகக் கட்டிய பிரம்மாண்டமான இன்ஜினும், ஜப்பானின் புல்லட் ரயில் பெட்டியும் உண்டு. எது கனம், எது வேகம், எது பழையது என்று அவன் கேட்பான். ஒப்பிட்டுச் சொல்லும் சொற்கள் பதில் சொல்லச் சொல்ல வந்துவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள்.

வடக்குக் காற்று:

அம்மா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் அது முழுக்க இன்ஜின் ஆங்கிலம். வீட்டுக்கும் கடைக்கும் வேறு சொற்கள் வேண்டும். நான் யார்க்‌ஷயரில் செவிலியாக இருக்கிறேன். இங்கே பலர் மதிய உணவை 'டின்னர்' என்றும் மாலை உணவை 'டீ' என்றும் சொல்வார்கள். 'டீக்கு வாருங்கள்' என்றால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் உங்களை 'லவ்' என்று அழைத்தால் திகைக்க வேண்டாம், அது இந்த ஊர் மரியாதை.

லீட்ஸ் கர்க்கேட் சந்தைக்குக் காலையில் போங்கள், ஐயா. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனத்தின் முதல் கடை 1884இல் அந்தச் சந்தையில் போட்டதுதான். மீன் கடை வரிசையில் நின்று முன்னால் நிற்பவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். செதில் எடுக்க, முள் நீக்க, தோலுரிக்க எல்லாவற்றுக்கும் சொல் அங்கே கிடைக்கும். உங்கள் முறை வரும்போது அதையே சொல்லி வாங்குங்கள். மாலையில் எழுதியும் வையுங்கள், எழுதாத சொல் என்னிடம் ஒரு வாரம்கூடத் தங்கியதில்லை.

பொன்மலை ஃபிட்டர்:

இருவருக்கும் மிக்க நன்றி. வினைச்சொல் பற்றி அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இத்தனை வருடம் இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம். அந்த ஊர்க்காரர்களின் உச்சரிப்பு எனக்குப் பிடிபடுமா? அருங்காட்சியகத்தில் இருப்பவர்களிடம் பேச்சை எப்படித் தொடங்குவது? உதகை மலை ரயிலுக்காக எங்கள் பணிமனையில் கட்டிய எக்ஸ் வகை நீராவி இன்ஜினில் நானும் வேலை செய்திருக்கிறேன். அதைப் பற்றிச் சொன்னால் அவர்களுக்கு ஆர்வம் இருக்குமா?

ஊஸ் நதிக்கரை:

ஆர்வமா? ஐயா, உங்களை விடமாட்டார்கள்! அங்கே விளக்கம் சொல்பவர்களில் ரயில் மீது உயிரையே வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த இன்ஜினின் படங்கள் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில், தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பற்கள் கொண்ட சட்டத்தைப் பிடித்து ஏறும் இன்ஜின் அது. பிரிட்டனில் அப்படிப் பற்களைப் பிடித்து ஏறும் பொதுப் பயணிகள் ரயில் வேல்ஸில் உள்ள ஸ்னோடன் மலை ரயில் ஒன்றுதான். 1896இல் திறந்தது, நம் மலை ரயிலைப் போலவே 'ஆப்ட்' என்ற பல்சட்ட முறையில் அமைந்தது. 'ஸ்னோடன்' என்ற பெயரைச் சொல்லிப் படத்தைக் காட்டினால் போதும், கேள்வி அவர்களிடமிருந்து வரும். ஏறுவது, பற்றுவது, வழுக்குவது, பிரேக் போடுவது என்று நீங்கள் கையால் காட்டக் காட்ட அவர்கள் சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள்.

உச்சரிப்பு முதலில் சிரமமாகத்தான் இருக்கும். மெதுவாகச் சொல்லும்படி கேளுங்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. இன்னொன்று: ஒரு பாகத்தைச் சுட்டி 'வாட் இஸ் திஸ்?' என்று கேட்டால் ஒரு பெயரோடு பதில் முடிந்துவிடும், அந்தப் பெயர் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். 'வாட் டஸ் இட் டூ?' என்று கேளுங்கள்.