தினமும் ஹிஸ்டரி அழிப்பது வேலைக்கு ஆகுமா, வெறும் மன ஆறுதலா?

கொல்லிமலைத்தேன்:
எங்கள் வீட்டில் என் போன் மூன்று கை மாறும். காலையில் மாமனார் செய்தி பார்ப்பார், சாயங்காலம் பையன் பிடுங்கிக்கொள்வான். அதனால் படுக்கும் முன் க்ரோம் உலாவியில் அந்த மூன்று புள்ளியைத் தொட்டு, ஹிஸ்டரி, குக்கீ (தளங்கள் நம்மை அடையாளம் காண விட்டுவைக்கும் குறிப்பு), கேஷ் (பார்த்த பக்கங்களின் தற்காலிக நகல்) எல்லாவற்றையும் மொத்தமாகத் துடைத்துவிடுவேன். ஆபீஸில் ஒருவர் "இதெல்லாம் சும்மா மன ஆறுதல்" என்று சிரித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போனில் இல்லாததை யார் எடுக்க முடியும்?

கம்பிவடம்:
அவர் சொன்னதுதான் சரி. நீங்கள் துடைப்பது க்ரோமில் இருக்கும் ஹிஸ்டரியை மட்டும். கூகுள் கணக்கில் லாகின் ஆகியிருக்கும்போது தேடியதெல்லாம் கணக்கிலும் சேர்கிறது. கூகுளின் மை ஆக்டிவிட்டி பக்கத்தைத் திறந்து பாருங்கள், முந்தாநாள் எத்தனை மணிக்கு என்ன தேடினீர்கள் என்பது அங்கே வரிசையாக நிற்கும். 3, 18, 36 மாதத்தில் தானாக அழியும்படி அங்கேயே வைக்கலாம். 2020 ஜூனுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய கணக்குகளுக்கு 18 மாதம் என்பது தானாகவே வந்துவிடும். பழைய கணக்கு என்றால் நீங்கள்தான் போய் மாற்ற வேண்டும்.
இன்காக்னிட்டோ (ஹிஸ்டரியில் சேராத உலாவல்) பற்றி யாராவது ஆரம்பிப்பதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். அதில் உலாவியபோதும் தரவு திரட்டினார்கள் என்று 2020ல் அமெரிக்காவில் கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். 2024ல் சமரசம் ஆகி, பல நூறு கோடி பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது. இது போதாதென்று நெட் கம்பெனி வேறு. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியைத் திருத்தி, இணையத் தொடர்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்கச் சொல்லிவிட்டது. நீங்கள் ராத்திரி துடைப்பது இவர்களில் யாரையும் தொடாது.

மஞ்சள்பை:
தம்பி, நீங்கள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். ஒரு பெண் நாள் தள்ளிப்போனதைப் பற்றித் தேடுகிறாள், வேலை தேடுகிறாள், வக்கீல் ஃபீஸ் எவ்வளவு என்று பார்க்கிறாள் என்று வையுங்கள். கலிஃபோர்னியாவில் இருக்கும் கம்பெனி அவளைக் கூப்பிட்டு "இதை எதுக்குத் தேடினே" என்று கேட்கப் போவதில்லை. கேட்கிறவர் வீட்டுக்குள் இருக்கிறார், போனை வாங்கி ஹிஸ்டரியைத்தான் முதலில் திறக்கிறார். அவளுக்கு அழிப்பது மன ஆறுதல் இல்லை.
ஆனால் மொத்தமாகத் துடைப்பதில் எனக்கும் உடன்பாடு இல்லை. தினமும் காலியாகக் கிடக்கும் ஹிஸ்டரியே சந்தேகத்தைக் கிளப்பும். க்ரோமில் கடைசி 15 நிமிடத்தை மட்டும் அழிக்க வழி இருக்கிறது, வேண்டாத வரியை மட்டும் தனியாக எடுக்கவும் முடியும்.

கம்பிவடம்:
சரி அக்கா, வீட்டு ஆளையே எடுத்துக்கொள்வோம். அந்தப் போனில் ஜிமெயில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது யார்? பல வீடுகளில் கணவர், இல்லாவிட்டால் அண்ணன். பாஸ்வேர்டு அவரிடமே இருக்கிறது. அவர் தன் லேப்டாப்பில் அதே கணக்கைத் திறந்தால் தேடியது, யூடியூபில் பார்த்தது, சில சமயம் போன் இருக்கும் இடம்கூடத் தெரியும். அந்தப் பெண்ணோ ஹிஸ்டரியை அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அந்த நிம்மதியைத்தான் ஆபத்து என்கிறேன். அழிக்காதவர்களாவது கொஞ்சம் ஜாக்கிரதையாகத் தேடுவார்கள். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தச் சாதனத்தில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியல் இருக்கும், அதைப் பார்த்துத் தெரியாததை வெளியேற்றி, பாஸ்வேர்டையும் மாற்றினால் கதை முடிந்தது.

மஞ்சள்பை:
வெளியேற்றினால் முடியாது, அங்கேதான் ஆரம்பிக்கும். அவருடைய லேப்டாப்பில் திடீரென்று லாகின் கேட்டால் அடுத்த கேள்வி யாருக்கு வரும்? பயந்துகொண்டு வாழும் வீட்டில் பட்டியலைப் பார்ப்பது சரி, கையை வைக்கும் முன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் முக்கியமானதைத் தோழியின் போனிலோ வேலை இடத்துக் கம்ப்யூட்டரிலோ தேடுவது மேல். 181 என்று பெண்கள் உதவி எண் இருக்கிறது. கூப்பிட்ட பிறகு கால் லாகிலிருந்து அந்த எண்ணை எடுத்துவிட மறக்க வேண்டாம். பாருங்கள், இங்கேயும் அழித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது!

சர்வீஸ்மேசை:
மொபைல் கடையில் வேலை பார்க்கிறேன். ஹிஸ்டரி ஹிஸ்டரி என்று அடித்துக்கொள்ளும் மக்கள் எங்கள் மேசையில் என்ன செய்கிறார்கள் என்று சொல்லவா? ஜாப் ஷீட்டில் ஒன்பது புள்ளி போட்ட ஒரு கட்டம் இருக்கும். போனைத் திறக்கும் பேட்டர்னை அதில் பேனாவால் கோடு இழுத்துக் காட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த ஷீட் ரப்பர் பேண்டில் போனோடு சுற்றி நாள் முழுக்கத் தட்டில் கிடக்கும். கேலரி, வாட்ஸ்அப், பேங்க் ஆப் எல்லாம் உள்ளேதான். டிஸ்ப்ளே மாற்ற லாக் எண் எதற்கு? டச் வேலை செய்கிறதா என்று லாக் ஸ்கிரீனிலேயே பார்த்துவிடலாம். சாம்சங் போனில் 2022லிருந்து மெயின்டனன்ஸ் மோடு வந்திருக்கிறது, கூகுளின் பிக்சல் போனில் ரிப்பேர் மோடு. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் படம், மெசேஜ் எதுவும் எங்களுக்குத் தெரியாது. போட்டுக் கொண்டுவருகிறவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.
அப்புறம் இந்த "கிளீனர்" ஆப்கள். ஹிஸ்டரியை அழிக்கிறேன் என்று வந்து கான்டாக்ட், லொகேஷன், ஃபைல் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கிக்கொள்ளும். முதலில் அதைத் தூக்குங்கள்.

கொல்லிமலைத்தேன்:
எல்லாரும் பயமுறுத்துகிறீர்களே ஒழிய, நான் அழிப்பதால் என்ன நஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. குக்கீ வரை துடைத்த பிறகும் மூட்டுவலித் தைல விளம்பரம் ஆப்களில் துரத்துகிறது.

கம்பிவடம்:
குக்கீ உலாவியோடு சரி. ஆப்கள் உங்களை அடையாளம் காண்பது போனில் இருக்கும் விளம்பர ஐடியை வைத்து. செட்டிங்ஸில் கூகுள், அதற்குள் விளம்பரங்கள் என்று போனால் அந்த ஐடியையே நீக்கலாம். ஐபோனில் 2021 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு ஆப்பும் பின்தொடர உங்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும், மறுத்துவிடுங்கள். விளம்பரம் நிற்காது, உங்கள் மூட்டைக் குறிவைப்பது குறையும்.
நஷ்டம் கேட்டீர்கள். போலி வங்கி லிங்க்கைத் தட்டிப் பணம் போனால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அடித்துப் புகார் கொடுக்க வேண்டும். எந்த முகவரி, எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். ராத்திரி துடைக்கும் பழக்கம் உள்ளவர் அதற்கு என்ன காட்டுவார்?

மஞ்சள்பை:
இது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மோசடி நடந்த அன்று எதையும் அழிக்கக் கூடாது, எஸ்எம்எஸ் உட்பட. ஆனால் என்றோ ஒரு நாள் திருடன் வருவான் என்று தினமும் மாமனாரிடம் ஹிஸ்டரியைத் திறந்து கொடுக்கவும் முடியாது. தேன், உங்கள் பிரச்சினை ஒரு போனை மூன்று பேர் பிடிப்பது. ஆண்ட்ராய்டில் "பல பயனர்கள்" என்று ஒன்று உண்டு. பையனுக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று தனியாகப் போட்டுவிட்டால் அவரவர் உலாவல் அவரவரோடு.

கொல்லிமலைத்தேன்:
என் போனில் அந்த வரியே இல்லை அக்கா. தேடிப் பார்த்துவிட்டேன்.

சர்வீஸ்மேசை:
சில கம்பெனிகள் அதை எடுத்துவிட்டுத்தான் போனை விற்கின்றன. க்ரோமுக்கு ஆப் லாக் போட்டுவிட்டு, மாமனாருக்கு வேறு ஒரு உலாவியை ஹோம் ஸ்கிரீனில் முதலில் வைத்துக் கொடுங்கள். அவர் தேடப் போவது ராசிபலன்தானே.